சேவைக்கு எதுக்குப் பட்டம்? 1952-லேயே பதில் சொன்ன மேரி கிளப்வாலா ஜாதவ்

விராலிமலை என்றதும் முருகன் கோயிலும் மயில்களும்தான் ஞாபகம் வரும். திருச்சி - மதுரை நெடுஞ்சாலையை ஒட்டிய அந்தப் பகுதியில் இப்போ தொழிற்சாலைகளும் இருக்கின்றன. இதுபோன்ற ஊர்களில் எம்.எஸ்.டபிள்யூ சேரும் பிள்ளைகளிடம் வீட்டில் கேட்கும் முதல் கேள்வி: சேவை செய்ய எதுக்குப் பட்டம்?

இதற்குச் சென்னையில் ஒரு கல்லூரியையே தொடங்கிப் பதில் சொன்னவர் மேரி கிளப்வாலா ஜாதவ்.

யார் இவர்?

1909-ல் ஊட்டியில், பார்சி குடும்பத்தில் பிறந்தவர். 18 வயதில் நோகி கிளப்வாலாவுடன் திருமணம். 1935-ல் கணவர் இறந்தபோது, கையில் சின்னப் பையன். ஆனாலும் வீட்டுக்குள் முடங்கிவிடவில்லை. 1923 முதல் சென்னையில் இயங்கிவந்த 'கில்ட் ஆஃப் சர்வீஸ்' அமைப்பின் பணிகளில் முழுமூச்சாக இறங்கினார். இரண்டாம் உலகப் போரின்போது, 1942-ல் இந்திய வீரர்களுக்கு உதவ ஒரு குழுவைத் தொடங்கி, பல சமூகப் பெண்களை அதில் ஒன்றுசேர்த்தார்.

கல்லூரி ஏன் தேவைப்பட்டது?

சுதந்திரத்துக்குப் பிறகு தேவை பெரிதானது. 500 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை பார்க்கும் ஆலைகளில் நல அலுவலர் கட்டாயம் என்றது 1948 தொழிற்சாலைச் சட்டம். மருத்துவமனைகள், குழந்தைகள் இல்லங்களுக்கும் ஆட்கள் வேண்டும். இங்கே நல்ல மனசு மட்டும் போதாது. ஒரு குடும்பத்தின் சிக்கலை எப்படிக் கேட்பது, எதை ரகசியமாக வைப்பது, எந்த உதவி எங்கே கிடைக்கும் என்பதெல்லாம் கற்றுக்கொள்ள வேண்டியவை.

நியூயார்க்கில் 1898-லேயே இதற்கான பயிற்சி வகுப்பு தொடங்கிவிட்டது. பம்பாயில் 1936-ல் டாடா நிறுவனம் வந்தது. 1952-ல் 'மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க்' பிறந்தது. கில்ட் ஆஃப் சர்வீஸும் இந்திய சமூகப்பணி மாநாட்டின் சென்னைக் கிளையும் சேர்ந்து தொடங்கிய இந்த முயற்சியை முன்னின்று நடத்தியவர் மேரி.

இதில் என்ன விசேஷம்?

வசதியான வீட்டுப் பெண்கள் சம்பளமில்லாமல் தொண்டு செய்த உலகத்திலிருந்து வந்தவர் அவர். அவரே அந்தத் தொண்டைப் பயிற்சியும் சம்பளமும் உள்ள தொழிலாக மாற்ற வழி போட்டார். எளிய வீட்டுப் பிள்ளைகளும் இந்தத் துறைக்குள் வர அதுதான் கதவைத் திறந்தது.

1956-ல் சென்னையின் ஷெரீஃப் ஆனார். 1975-ல் பத்ம விபூஷண் கிடைத்தது. அதே ஆண்டில் மறைந்தார்.

இன்னும் என்ன பாக்கி?

எழும்பூரில் அந்தக் கல்லூரி இன்றும் இயங்குகிறது. ஆனால் டாக்டர்கள், வக்கீல்களுக்கு இருப்பதுபோல, சமூகப்பணியாளர் எல்லோரையும் பதிவு செய்யும் தேசிய கவுன்சில் நம் நாட்டில் இன்னும் இல்லை. பயிற்சியே இல்லாதவரும் தன்னைச் சமூகப்பணியாளர் என்று சொல்லிக்கொள்ளலாம். மேரி தொடங்கிய வேலையில் பாதி இன்னும் மிச்சமிருக்கிறது.