அடங்காத குழந்தைகளைப் புரிந்துகொண்ட டாக்டர்... மகனுக்காகச் சென்னையில் தவித்த தாய்! யார் இந்த மாண்டிசோரி?

சேலம், நாமக்கல் பக்கம் பல ப்ளே ஸ்கூல் போர்டுகளில் மாண்டிசோரி என்ற பெயரைப் பார்க்கலாம். அது ஏதோ கான்வென்ட் பெயர்னு நினைக்கிறவங்க உண்டு. உண்மையில் அது ஒரு பெண் டாக்டரின் பெயர்.

ரொட்டித் துணுக்கு சொன்ன பாடம்

1870 ஆகஸ்ட் 31-ல் இத்தாலியில் பிறந்தவர் மரியா மாண்டிசோரி. பெண்கள் டாக்டராவதே அபூர்வமாக இருந்த 1896-ல் ரோமில் மருத்துவப் பட்டம் வாங்கினார்.

அங்கிருந்த மனநலக் காப்பகத்தில், மூளை வளர்ச்சி இல்லை என்று முத்திரை குத்திய குழந்தைகளை வெறும் அறையில் அடைத்து வைத்திருந்தார்கள். சாப்பிட்டு முடிச்சதும் தரையில் சிந்திய ரொட்டித் துணுக்குகளை அந்தக் குழந்தைகள் தேடிப் பொறுக்கும். பார்த்துக்கொள்பவர்களுக்கு அது அருவருப்பு. மாண்டிசோரிக்குப் புரிந்தது வேறு. அந்த அறையில் தொட்டு விளையாட வேற எதுவுமே இல்லை. பசி வயித்துக்கு இல்ல, கைக்கும் மனசுக்கும்தான்!

1900-ல் இப்படிப்பட்ட குழந்தைகளுக்கான பள்ளியை நடத்தும் பொறுப்பு கிடைத்தது. தொட்டு, அடுக்கிப் பழகும் பொருட்களைக் கொடுத்தார். சிலர் எழுதப் படிக்கக் கற்று, மற்ற குழந்தைகள் எழுதும் தேர்விலேயே தேறினார்கள்.

சுவரை நாசம் செய்த வாண்டுகள்

ரோமின் சான் லோரென்சோ, ஏழைகள் வாழ்ந்த பகுதி. பெற்றோர் வேலைக்குப் போனதும், குழந்தைகள் குடியிருப்பின் சுவர்களைப் பாழாக்கிக்கொண்டு திரிந்தன. அவர்களைக் கட்டிப்போட ஓர் இடம் தேவைப்பட்டதால் பிறந்ததுதான், 1907 ஜனவரி 6-ல் தொடங்கிய அவரது முதல் குழந்தைகள் இல்லம்.

குழந்தைகள் உயரத்துக்கே மேஜை, நாற்காலி. பிடிச்ச வேலையை அவங்களே எடுத்துச் செய்யலாம். அடி, மிரட்டல் இல்லை. மிட்டாய் ஆசையும் காட்டவில்லை. கொஞ்ச நாளில் அந்த வாண்டுகள் ஒரே வேலையில் மூழ்கி உட்கார ஆரம்பித்தார்கள். சேட்டை என்பது பல நேரம் குழந்தைக்கு ஏதோ கிடைக்கவில்லை என்பதன் அடையாளம் என்ற முடிவுக்கு வந்தார்.

சொந்த மகன் எங்கே?

ஊரார் குழந்தைகளைப் புரிந்துகொண்டவருக்குத் தன் மகனை வளர்க்கும் வாய்ப்பு இல்லை. 1898-ல் மரியோ பிறந்தபோது அவருக்குத் திருமணமாகவில்லை. விஷயம் வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். கிராமத்துக் குடும்பம் ஒன்றில் வளர்ந்த மரியோ, சுமார் 15 வயதில்தான் தாயிடம் வந்தார். அதன்பிறகும் ஊருக்கு அவர் உறவுக்காரப் பையன்தான்.

அடையாறில் என்ன நடந்தது?

அருண்டேல், ருக்மணி தேவி தம்பதியின் அழைப்பில் 1939-ல் தாயும் மகனும் சென்னை அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்தனர். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்க, இத்தாலியர் என்பதால் மரியோவை அகமதுநகர் முகாமில் அடைத்தது பிரிட்டிஷ் அரசு. தாய்க்கும் வெளியே போகத் தடை. அவரது 70-வது பிறந்தநாளில்தான் மகனுக்கு விடுதலை கிடைத்தது. அந்த அரசுத் தகவலில் மரியோ, அவரது மகன் என்றே குறிப்பிடப்பட்டார்.

அடையாறிலும் கொடைக்கானலிலும் வகுப்பெடுத்து, இந்தியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். 1952 மே 6-ல் நெதர்லாந்தில் காலமானார். கடைசி வரை கூடவே இருந்தவர் மரியோ.

கடிக்கிற, பொருளைத் தூக்கி எறிகிற குழந்தையைத் திட்டுவதற்கு முன், ஏன் அப்படிச் செய்யுதுன்னு உட்கார்ந்து கவனிப்பதுதான் இன்றும் ஆலோசனையின் முதல் படி. அதற்கு அன்றே வழி காட்டியவர்களில் ஒருவர், அந்த போர்டில் இருக்கும் பெயருக்குச் சொந்தக்காரர்!