மேகம் மறைத்த சூரியன்: லெ ஜான்டியும் நம்ம புதுச்சேரியும்

பாரதி பூங்காவில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடாதவர்கள் நம்ம காலேஜில் யாரும் இருக்க மாட்டீங்க. அந்தப் பக்கம் ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்களின் பெரிய கோட்டை இருந்தது. 1761-ல் ஆங்கிலேயர்கள் ஊரைப் பிடித்ததும் அதை இடித்துத் தள்ளினார்கள். அந்த இடிபாடுகள் மேல் 1768-ல் ஒரு மனிதர் வானாய்வுக்கூடம் கட்டிக்கொண்டு சூரியனைப் பார்க்கக் காத்திருந்தார். அவர் பெயர் கியோம் லெ ஜான்டி. நான் நாலு வருஷம் இந்த ஊரில் படித்தும், ஃபைனல் இயர் வந்த பிறகுதான் இவரைப் பற்றித் தெரிந்துகொண்டேன். தெரிந்ததும் என் பழைய தப்பு ஒன்று ஞாபகம் வந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

1725 செப்டம்பர் 12-ல், பிரான்சின் நார்மண்டியில் கூத்தான்ஸ் என்ற ஊரில் பிறந்தவர். பாதிரியார் ஆகத்தான் பாரிசுக்குப் படிக்கப் போனார். போன இடத்தில் டெலிஸ்ல் என்ற வானியலாளரின் வகுப்புகளைக் கேட்க ஆரம்பித்தார், இறையியல் பின்னாடி போய்விட்டது. (மெக்கானிக்கல் சேர்ந்துவிட்டு கோடிங் பக்கம் போகிறவர்களுக்குப் புரியும்.) பாரிஸ் வானாய்வுக்கூடத்தில் சேர்ந்து, 1749-ல் ஆண்ட்ரோமெடா கேலக்ஸியின் துணை கேலக்ஸி ஒன்றைக் கண்டுபிடித்தார். இன்றைக்கு அதற்கு எம் 32 என்று பெயர்.

அந்தக் காலத்தில் வானியலில் பெரிய கேள்வி ஒன்று இருந்தது. பூமியிலிருந்து சூரியன் எவ்வளவு தூரம்? அதற்கு எட்மண்ட் ஹாலி ஒரு வழி சொல்லிவிட்டுப் போயிருந்தார். சூரியனுக்கும் நமக்கும் நடுவே வெள்ளி கிரகம் கடந்து போகும்போது, உலகத்தின் வெவ்வேறு மூலைகளிலிருந்து துல்லியமாக நேரம் குறித்தால் தூரத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். இதுவும் ஒருவகைக் கிரகணம்தான். ஆனால் நிலா மாதிரி வெள்ளி சூரியனை மூடாது. சூரியனின் அகலத்தில் முப்பதில் ஒரு பங்கு அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி, அவ்வளவுதான். எட்டு வருஷ இடைவெளியில் இரண்டு தடவை வரும், அப்புறம் நூறு வருஷத்துக்கு மேல் வராது. 1761-லும் 1769-லும் வர இருந்தது. லெ ஜான்டிக்குக் கிடைத்த ஊர் புதுச்சேரி.

1760 மார்ச் 26-ல் கப்பல் ஏறினார். ஜூலையில் மொரிஷியஸ் வந்து சேர்ந்தபோது இங்கே பிரெஞ்சுக்காரர்களுக்கும் ஆங்கிலேயர்களுக்கும் போர். பல மாதம் காத்திருந்து அடுத்த மார்ச்சில் ஒரு போர்க்கப்பலில் கிளம்பினார். மே மாதம் மாஹே பக்கம் வந்தபோதுதான் சேதி தெரிந்தது, புதுச்சேரி ஜனவரியிலேயே போய்விட்டது. கேப்டன் கப்பலைத் திருப்பிவிட்டார்.

1761 ஜூன் 6. வானம் பளிச்சென்று இருந்தது, வெள்ளியும் சூரியனைக் கடந்தது. லெ ஜான்டி நடுக்கடலில், ஆடுகிற கப்பலில். ஊசல் கடிகாரம் கப்பலில் ஓடாது. கப்பல் எந்தத் தீர்க்கரேகையில் நிற்கிறது என்றும் சரியாகத் தெரியாது. பார்த்தார், ஆனா பார்த்தது எந்தக் கணக்குக்கும் உதவவில்லை.

வேறு யாராவது இருந்தால் வீட்டுக்குப் போயிருப்பார்கள். இவர் அடுத்த எட்டு வருஷமும் இந்தப் பக்கமே இருந்துவிடுவது என்று முடிவு பண்ணினார். மடகாஸ்கரின் கிழக்குக் கரையை வரைபடமாக்கினார். 1766-ல் மணிலா போனார். அங்கே இருந்த ஸ்பானிஷ் கவர்னர் இவரைச் சந்தேகமாகவே பார்த்தார். அதற்குள் புதுச்சேரி உடன்படிக்கைப்படி மறுபடி பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்திருந்தது. அங்கேயே போகச் சொல்லிப் பாரிசிலிருந்தும் உத்தரவு வந்தது. 1768 மார்ச் 27-ல் நம்ம ஊரில் இறங்கினார்.

கவர்னர் ழான் லா தெ லொரிஸ்தோன் இவரை நன்றாகக் கவனித்துக்கொண்டார். கோட்டை இடிபாடுகளில் வானாய்வுக்கூடம் எழும்பியது. அதற்குக் கீழேயே வெடிமருந்துக் கிடங்கு இருந்ததாம், நினைச்சுப் பாருங்க. கோட்டையை இடித்த அதே ஆங்கிலேயர்கள், மதராஸிலிருந்து ஒரு நல்ல தொலைநோக்கியை இவருக்கு இரவல் அனுப்பினார்கள்.

இங்கே இருந்த நாட்களில் அவர் செய்த இன்னொரு வேலைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு தமிழரிடம் நம்ம பஞ்சாங்கக் கணக்கைக் கற்றுக்கொண்டார். அந்தத் தமிழர் காகிதத்தில் எதுவும் எழுதாமல், மனப்பாடமாக இருந்த வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டு, சோழிகளை நகர்த்தியே கிரகணத்தைக் கணித்தார். 1765 ஆகஸ்ட் 30-ல் நடந்த சந்திர கிரகணத்துக்கு அந்தக் கணக்கில் வந்த கால அளவு 41 வினாடி குறைவாக இருந்தது. ஐரோப்பாவில் அன்றைக்குச் சிறந்தது என்று வைத்திருந்த டோபியாஸ் மேயரின் அட்டவணையில் 68 வினாடி அதிகம். கால்குலேட்டர் இல்லாமல் இன்டர்னல் எழுதப் பயப்படுகிற நான் இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன்.

இப்போ அவர் சூரியனைப் பார்க்க என்ன வைத்திருந்திருப்பார் என்று யோசியுங்கள். அக்கால வானியலாளர்கள் விளக்குப் புகையில் கரி பிடித்த கண்ணாடியையோ கருநிறக் கண்ணாடியையோ தொலைநோக்கியில் கண் வைக்கிற முனையில் பொருத்துவார்கள். அன்றைக்கு அதைவிட நல்லது கிடையாது. இன்றைக்கு அது வேண்டாம். கரி ஒரே சீராகப் படியாது. கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம் குறைந்தாலும் அகச்சிவப்புக் கதிர் உள்ளே போகும். கண் முனையில் வைக்கிற ஃபில்டர் குவிந்த சூட்டில் விரிசல் விடலாம், விட்டால் கண்ணை எடுக்கக்கூட நேரம் இருக்காது. அதனால்தான் இப்போது ஃபில்டரைத் தொலைநோக்கியின் முன்வாயில், வெளிச்சம் உள்ளே நுழைவதற்கு முன்னாடியே போடுகிறார்கள்.

கண் எப்படிக் கெடுகிறது என்பதும் விசித்திரம்தான். சின்ன வயதில் பூதக்கண்ணாடியால் காகிதத்தை எரித்திருப்பீர்கள். கண்ணிலுள்ள லென்ஸ் அதே மாதிரி சூரியனை விழித்திரையில் குவிக்கிறது. சூட்டைவிட, வெளிச்சம் அங்கே நடத்துகிற வேதி மாற்றம்தான் பெரும்பாலும் செல்களைக் கெடுக்கிறது. விழித்திரைக்கு வலி தெரியாது. பார்க்கும்போது ஒன்றும் தோன்றாது, சில மணி நேரம் கழித்தோ மறுநாளோதான் பார்வையின் நடுவில் மங்கலோ கறுப்புப் புள்ளியோ தெரியும். பலருக்குச் சில மாதங்களில் சரியாகும், சிலருக்கு ஆகாது. உறுதியான சிகிச்சை என்று எதுவும் இல்லை.

பாட்டி சொல்கிற சாணத் தண்ணீர், மஞ்சள் தண்ணீர் முறையை நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சூரியன் தலைக்கு மேல் இருக்கும்போது தண்ணீர் சுமார் 2 சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். கிரகணக் கண்ணாடிக்கான ஐஎஸ்ஓ 12312-2 தரம் அனுமதிப்பது அதிகபட்சம் 0.0032 சதவீதம். அதாவது 600 மடங்குக்கும் மேல் அதிகம். சூரியன் சாய்ந்திருந்தால் இன்னும் மோசம். நியூட்டனே இளம் வயதில் கண்ணாடியில் சூரியனின் பிம்பத்தைப் பார்த்துவிட்டு, கண் சரியாக மூன்று நாள் இருட்டறையில் அடைந்து கிடந்தார்.

சரி, 1769-க்கு வருவோம். மே மாதம் முழுக்கக் காலை வானம் அருமையாக இருந்தது. ஜூன் 3 இரவு கவர்னருக்கு வியாழனின் நிலாக்களைக் காட்டிவிட்டுத் தூங்கப் போனார். புதுச்சேரியில் சூரியன் உதிக்கும்போதே வெள்ளி அதன் மேல் இருக்கும், ஏழு மணிவாக்கில் வெளியேறிவிடும். அந்த வெளியேறும் நேரம்தான் வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துப் பார்த்தால் வானம் முழுக்க மேகம். அப்புறம் காற்றும் அடித்தது. எல்லாம் முடிந்து கொஞ்ச நேரம் ஆனதும் சூரியன் வெளியே வந்தது, அன்று பகல் முழுக்க நன்றாகக் காய்ந்தது. அவர் விட்டுவிட்டு வந்த மணிலாவில் அன்று காலை மேகமே இல்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் அவரால் எதுவும் எழுத முடியவில்லை. பிறகு வயிற்றுக்கடுப்பு வேறு. 1770 மார்ச்சில் கிளம்பி, புயலில் மாட்டி, மொரிஷியஸுக்கே திரும்பி, ஸ்பானிஷ் கப்பலில் காடிஸ் வந்து, பைரனீஸ் மலையைக் கடந்து 1771 அக்டோபர் 8-ல் பிரான்சில் கால் வைத்தார். போய் 11 வருஷம், 6 மாதம், 13 நாள். ஊரில் அவர் செத்துவிட்டதாகவே நினைத்துச் சொந்தக்காரர்கள் சொத்தைப் பங்கு போடத் தயாராக இருந்தார்கள். அகாதெமியில் அவர் இடமும் வேறு ஒருவருக்குப் போயிருந்தது. கேஸ் போட்டார், செலவும் அவர் தலையிலேயே விழுந்தது.

மற்ற இடங்களில் பார்த்தவர்களின் அளவுகளை வைத்து லாலாந்த் 1771-ல் சூரியனின் தூரம் சுமார் 15.3 கோடி கிலோமீட்டர் என்று கணித்தார். இன்றைய கணக்கு 14.96 கோடி. அந்தக் கணக்கில் புதுச்சேரியின் அளவு கிடையாது.

இப்போ என் தப்பு. 2019 டிசம்பர் 26, நான் ஒன்பதாவது. அரையாண்டு லீவு. புதுச்சேரியில் சூரியன் முக்கால்வாசிக்கு மேல் மறைந்தது. மேகம் வந்து வந்து போனது. நானும் என் சித்தி பையனும் பழைய எக்ஸ்ரே ஃபிலிம் வழியாகப் பார்த்தோம். மெல்லிய மேகம் மூடியபோது ஃபிலிமையும் எடுத்துவிட்டு வெறுங்கண்ணால் பார்த்தோம், கண் கூசவே இல்லை, ஜாலியாக இருந்தது. அவனுக்கு மறுநாள் புத்தகத்தில் படிக்கிற எழுத்தின் நடுவில் ஒரு கறை. இரண்டு மாதம் வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கறை போய்விட்டது. போகாமல் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்னும் தெரியவில்லை. லெ ஜான்டிக்கு வந்த மாதிரி கனத்த மேகம் காட்சியைக் கெடுக்கும், மெல்லிய மேகம் கண்ணைக் கெடுக்கும். கூசவில்லை என்பது பத்திரம் என்று அர்த்தம் இல்லை.

அன்றைக்கே பூவரச மரத்து நிழலில் தரையெல்லாம் குட்டிக் குட்டிப் பிறைகள் விழுந்திருந்தன. இலை இடுக்கு ஒவ்வொன்றும் ஒரு பின்ஹோல் கேமரா. சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே கிரகணம் முழுவதையும் பார்த்திருக்கலாம். அட்டையில் ஊசித் துளை போட்டாலும் இதே கதைதான், செலவு பூஜ்யம். ஆனா துளை வழியாகச் சூரியனைப் பார்க்கக் கூடாது, தரையில் விழுகிற பிம்பத்தைத்தான் பார்க்கணும்.

லெ ஜான்டி அகாதெமியில் மறுபடி இடம் பெற்றார், கல்யாணம் பண்ணினார், ஒரு பெண் குழந்தை. 1779-லும 1781-லும் தன் பயணத்தை இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். புதுச்சேரித் தமிழரின் சோழிக் கணக்கு ஐரோப்பாவுக்குப் போனதற்கு அவர் எழுத்தும் ஒரு காரணம். 1792 அக்டோபர் 22-ல் பாரிசில் இறந்தார்.

அவருடைய வெள்ளி இனி 2117 டிசம்பரில்தான், நாம் இருக்க மாட்டோம். ஆனா 2027 ஆகஸ்ட் 2 சாயங்காலம் இங்கே பகுதி சூரிய கிரகணம் இருக்கு. 2031 மே 21-ல் கங்கண கிரகணம் மதுரை வழியாகவே போகிறது. அதில் நடுவில் வெறும் வளையம் மட்டும் தெரிகிற நேரத்திலும் கிரகணக் கண்ணாடியைக் கழற்றக் கூடாது. சித்தி பையனிடம் இப்போதே சொல்லிவிட்டேன், இரண்டு பேருக்கும் கண்ணாடி என் செலவு.