அழுத குழந்தைகளைச் சிரிக்க வைத்த அம்மையார்

ஓசூரில் காலை ஷிப்டுக்குத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் பஸ்கள் புறப்படும் நேரம். கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கிராமங்களிலிருந்தும், எல்லைக்கு அப்பால் கர்நாடகத்திலிருந்தும், தொலைதூர வடமாநிலங்களிலிருந்தும் பிழைக்க வந்த குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன. தகப்பனார் ஒரு தொழிற்சாலைக்கும், தாய் இன்னொரு தொழிற்சாலைக்கும் போகிற வீடுகள் பல.

அந்த வீட்டுக் குழந்தை மழலையர் பள்ளிக்குப் போகிறது. வாசலில் தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுகிறது. வீட்டில் பேசுவது தெலுங்கு. பக்கத்து வீட்டில் கன்னடம். பள்ளியில் தமிழ் அல்லது இங்கிலீஷ். ஒன்றும் புரியாமல் அந்தப் பிஞ்சு நெஞ்சு பயந்து போகிறது.

மழலையர் பள்ளிகளின் பெயர்ப் பலகைகளில் அடிக்கடி காணப்படும் பெயர், மாண்டிசோரி. அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்பது பலருக்குத் தெரியாது.

அவர் ஒரு பெண் டாக்டர். இத்தாலியில் பிறந்தவர். நம் அடையாற்றிலும் கொடைக்கானலிலும் வாழ்ந்தவர். வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளுக்காகவே தம் முதல் குழந்தைப் பள்ளியைத் தொடங்கியவர். ஊரார் பிள்ளைகளின் பயத்தையெல்லாம் போக்கிய அவர், தாம் பெற்ற ஒரே மகனைப் பல ஆண்டுகள் பிரிந்திருந்தார். அவருடைய கதை இது.

டாக்டரான பெண்

மரியா மாண்டிசோரி 1870-ம் ஆண்டு ஆகஸ்டு 31-ந் தேதி, கியாரவல்லே என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் அரசாங்க உத்தியோகஸ்தர். தாயார் புத்தகம் படிப்பதில் பிரியம் உள்ளவர். மரியா அவர்களுக்கு ஒரே மகள்.

அந்தக் காலத்து இத்தாலியில் பெண்கள் படித்தால் ஆசிரியை ஆகலாம். அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது. மரியாவோ வைத்தியம் படிக்க விரும்பினார். தகப்பனாருக்கு இது பிடிக்கவில்லை. தாயார் துணை நின்றார்.

மருத்துவக் கல்லூரியில் பிணத்தை அறுத்துப் பாடம் கற்கும் அறையில், ஆண்களோடு ஒரு பெண் நிற்பது தகாது என்று கருதினார்கள். எனவே மாணவர்கள் எல்லோரும் போன பிறகு, அந்த அறையில் மரியா தனியாக இருந்து படித்தார். 1896-ம் ஆண்டு டாக்டர் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதல் பெண் டாக்டர்களில் அவரும் ஒருவர்.

ரொட்டித் துணுக்குகள்

ரோமாபுரியில் மனநோய் மருத்துவமனையில் அவருக்கு வேலை கிடைத்தது. மூளை வளர்ச்சி குன்றிய குழந்தைகளை அந்நாளில் பைத்தியக்காரர்களோடு சேர்த்து அடைத்து வைத்திருந்தார்கள்.

ஒரு நாள், சாப்பாடு முடிந்ததும் அந்தக் குழந்தைகள் தரையில் விழுந்து ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குவதை மரியா கண்டார். பேராசைப் பிள்ளைகள் என்று காவல்காரி முகம் சுளித்தாள். மரியா அறையைச் சுற்றிப் பார்த்தார். ஒரு பொம்மை இல்லை. ஒரு மரக்கட்டை கூட இல்லை. கையால் தொடுவதற்கு அந்தத் துணுக்குகளைத் தவிர வேறு பொருளே இல்லை!

அவருக்கு விஷயம் விளங்கியது. அந்தப் பிள்ளைகளின் வயிறு பசித்திருக்கவில்லை. கைகள் பசித்திருந்தன.

தொட்டுப் பார்க்கவும், அடுக்கவும், கோக்கவும் பொருள்களைச் செய்து கொடுத்தார். ஒன்றுக்கும் உதவாதவை என்று ஒதுக்கப்பட்ட அந்தக் குழந்தைகள் சில ஆண்டுகளில் எழுதப் படிக்கக் கற்றன. அவர்களில் சிலர் மற்றப் பிள்ளைகளோடு பரீட்சை எழுதித் தேறினார்கள். ஊரே அதிசயித்தது.

மரியாவுக்கு மட்டும் வேறு கவலை. இந்தக் குழந்தைகளே இவ்வளவு முன்னேற முடியுமானால், நல்ல ஆரோக்கியமுள்ள பிள்ளைகளைச் சாதாரணப் பள்ளிக்கூடங்கள் எவ்வளவு அமுக்கி வைத்திருக்கின்றன என்று அவர் எண்ணினார்.

பிரிந்த மகன்

இந்தப் புகழ் வந்த காலத்திலேயே அவருடைய வாழ்க்கையில் ஒரு பெரும் துயரமும் வந்தது.

உடன் வேலை பார்த்த டாக்டர் மாண்டசானோ என்பவரை மரியா நேசித்தார். 1898-ம் ஆண்டு மார்ச் மாதம் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. மரியோ என்று பெயர். ஆனால் கல்யாணம் நடக்கவில்லை. மணமாகாத பெண்ணுக்குக் குழந்தை என்று தெரிந்தால், அந்நாளில் வேலையும் போகும்; மானமும் போகும். குழந்தையைக் கிராமத்தில் ஒரு குடும்பத்தாரிடம் ஒப்படைத்தார்கள். பிறகு அந்த டாக்டர் வேறொரு பெண்ணை மணந்தார்.

மரியா எப்போதாவது கிராமத்துக்குப் போவார். மகனைப் பார்ப்பார். தாய் என்று சொல்லிக்கொள்ளாமலே திரும்பி வருவார்.

உலகத்துக் குழந்தைகளுக்கெல்லாம் வழி காட்டிய அம்மையாரின் வாழ்க்கையில் இது ஆறாத புண். இதை மறைத்துவிட்டு அவர் கதையைச் சொல்ல முடியாது.

குழந்தைகளின் வீடு

ரோமாபுரியில் சான் லொரென்சோ என்ற பகுதி இருக்கிறது. அந்நாளில் அது ஏழைத் தொழிலாளர் பேட்டை. அங்கே பழைய கட்டடங்களைச் செப்பனிட்டுக் குடும்பங்களைக் குடியேற்றினார்கள். பெற்றோர் இருவரும் விடியற்காலையில் வேலைக்குப் போய்விடுவார்கள். சிறு பிள்ளைகள் மாடிப்படிகளில் ஓடிச் சுவர்களைக் கெடுத்தன. இவர்களைப் பார்த்துக்கொள்ள ஓர் ஏற்பாடு வேண்டும் என்று கட்டடக்காரர்கள் மரியாவிடம் வந்தார்கள்.

1907-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி, ஓர் அறையில் பள்ளி தொடங்கியது. குழந்தைகளின் வீடு என்று அதற்குப் பெயர். ஐம்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள். எல்லோருடைய கண்ணிலும் நீர், முகத்தில் பீதி. பேசச் சொன்னால் பேசாது, கொடுத்தால் வாங்காது.

மரியா அவர்களை அதட்டவில்லை. மிட்டாய் காட்டி ஆசை மூட்டவும் இல்லை. குழந்தையே தூக்கக் கூடிய சிறு மேஜை, சிறு நாற்காலி செய்யச் சொன்னார். களிமண், வர்ணம், மரத் துண்டுகள், செடிகள் எல்லாம் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தார். எதை எடுப்பது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யலாம்.

மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, மர உருளைகளைக் குழிகளில் பொருத்திக்கொண்டிருந்தாள். சுற்றிலும் மற்றப் பிள்ளைகளைப் பாடச் சொன்னார் மரியா. சிறுமி நிமிரவில்லை. நாற்காலியோடு அவளைத் தூக்கி மேஜை மேல் வைத்தார். அப்போதும் அவள் கை நிற்கவில்லை. நாற்பது முறைக்கு மேல் செய்தாள். பிறகு தானாக நிறுத்தி, நன்றாகத் தூங்கி எழுந்தவள் போல மலர்ந்த முகத்தோடு சுற்றிலும் பார்த்தாள்.

கைக்கு விருப்பமான வேலை கிடைத்தால் மனசு அமைதி அடைகிறது என்பதை மரியா அன்று கண்டார்.

இன்னொரு நாள், கைக்குட்டையால் சத்தமில்லாமல் மூக்கைச் சிந்துவது எப்படி என்று செய்து காட்டினார். பிள்ளைகள் நாடகக் கொட்டகையில் தட்டுவது போலக் கை தட்டினார்கள்! மூக்கு ஒழுகுகிறது என்று அவர்களை எல்லோரும் திட்டியிருக்கிறார்கள். துடைப்பது எப்படி என்று மரியாதையோடு ஒருவரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

மௌன விளையாட்டு என்று ஒன்றும் உண்டு. பிள்ளைகள் அசையாமல் உட்காருவார்கள். அடுத்த அறையிலிருந்து ஒவ்வொரு பெயராக மெல்லிய குரலில் அழைப்பார் ஆசிரியை. பெயர் காதில் விழுந்த பிள்ளை அடிமேல் அடி வைத்து அவரிடம் போகும். கூச்சலில் வளர்ந்த குழந்தைகளுக்கு அந்த அமைதி மிகவும் பிடித்துவிட்டது.

பெயர் தெரியாத பிள்ளைகள்

1908-ம் ஆண்டு டிசம்பர் 28-ந் தேதி விடியற்காலையில், இத்தாலியின் மெஸ்ஸினா நகரைப் பூகம்பம் அழித்தது. எழுபதாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள்.

இடிபாடுகளுக்கு இடையே தனியாக நின்ற சுமார் அறுபது குழந்தைகளை ரோமாபுரிக்குக் கொண்டுவந்து, கன்னிகாஸ்திரீகளின் மடத்தில் சேர்த்தார்கள். அவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள், என்ன பெயர் என்று யாருக்கும் தெரியாது. அதிர்ச்சியில் எல்லோரும் ஒரே மாதிரி ஆகிவிட்டார்கள். பேச்சில்லை, சாப்பாடு இறங்கவில்லை. இரவில் அலறி அழுதார்கள்.

மாண்டிசோரியின் முறையில் அவர்களுக்கு ஓர் இடம் அமைத்தார்கள். சிறு வட்ட மேஜைகள், வர்ணத் திரைகள், பூச்சாடிகள். நடந்ததைப் பற்றி யாரும் அவர்களைத் துருவிக் கேட்கவில்லை. மேஜை போடுவது, பரிமாறுவது, பொருளை உடையாமல் தூக்கிச் செல்வது போன்ற வேலைகளைப் பொறுமையாகக் கற்பித்தார்கள்.

நாளாக ஆக, பிள்ளைகளுக்குப் பசி எடுத்தது. தூக்கம் வந்தது. பிறகு ஓட்டமும் சிரிப்பும் வந்தன. மேஜை நாற்காலிகளைத் தோட்டத்துக்குத் தூக்கிப் போய் மரத்தடியில் போட்டார்கள், ஒன்றும் உடையவில்லை.

இன்று மனநல மருத்துவர்கள், பயந்த பிள்ளைகளை ஓவியம், களிமண், பாட்டு, விளையாட்டு முதலியவற்றால் தேற்றுகிறார்கள். மாண்டிசோரி தம் வழியை வைத்தியம் என்று சொல்லவில்லை. பள்ளி என்றே சொன்னார். முதல் உலகப்போர் நடந்தபோது, மனம் நொந்த குழந்தைகளைக் காப்பதற்கென்றே ஓர் உலகச் சங்கம் வேண்டும் என்று 1917-ம் ஆண்டில் திட்டம் தீட்டினார்.

நாடு விட்டு நாடு

1912-ம் ஆண்டு மரியாவின் தாயார் காலமானார். அடுத்த சில மாதங்களில், சுமார் பதினைந்து வயதான மரியோ தாயிடம் வந்து சேர்ந்தான். ஆனாலும் அவன் உறவுப் பிள்ளை, வளர்ப்பு மகன் என்றே ஊருக்குச் சொல்லப்பட்டது.

இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினி முதலில் மாண்டிசோரியை ஆதரித்தார். குழந்தைகளைச் சிப்பாய்களைப் போல ஆட்டி வைக்க அம்மையார் சம்மதிக்கவில்லை. பள்ளிகள் மூடப்பட்டன. 1934-ல் அவர் தாய்நாட்டை விட்டு வெளியேறினார். ஸ்பெயினில் இருந்தபோது 1936-ல் உள்நாட்டுப் போர் மூண்டது. அங்கிருந்தும் தப்பி, ஹாலந்துக்குப் போனார்.

அப்போது சென்னையிலிருந்து அழைப்பு வந்தது. பிரம்மஞான சபையின் தலைவர் அருண்டேலும், அவர் மனைவி ருக்மிணிதேவியும் அழைத்தார்கள். 1939-ம் ஆண்டு நவம்பரில் தாயும் மகனும் அடையாற்றுக்கு வந்தார்கள்.

ஓலைக் கொட்டகைகளில் வகுப்பு நடந்தது. இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் சுமார் முந்நூறு பேர் வந்திருந்தார்கள். அம்மையார் இத்தாலிய மொழியில் பேசுவார். மரியோ அதை இங்கிலீஷில் சொல்வார்.

பிறந்தநாள் பரிசு

1940-ம் ஆண்டு ஜூன் மாதம் இத்தாலி போரில் குதித்தது. இந்தியாவை ஆண்ட பிரிட்டிஷ் சர்க்காருக்கு இத்தாலியர்கள் எதிரிகள் ஆனார்கள். மரியோவைப் பிடித்து அகமதுநகர் முகாமில் அடைத்தார்கள். அம்மையார் அடையாற்றை விட்டு வெளியே போகக் கூடாது என்று உத்தரவு.

ஒரு முறை மானத்துக்குப் பயந்து பிரிந்த மகனை, இந்த முறை போர் பிரித்துவிட்டது.

ஆகஸ்டு 31-ந் தேதி அம்மையாருக்கு எழுபதாவது பிறந்தநாள். அன்று வைசிராயிடமிருந்து ஒரு தந்தி வந்தது. பிறந்தநாளுக்கு எதைப் பரிசாகக் கொடுப்பது என்று யோசித்து, அவருடைய மகனையே திருப்பி அனுப்புவதாக அதில் கண்டிருந்தது.

மரியோ விடுதலை ஆனார். அதைவிட ஒன்று: ஊராரிடம் உறவுப் பிள்ளை என்றே சொல்லப்பட்டு வந்தவரை, சர்க்கார் தந்தி மகன் என்று குறிப்பிட்டது. நாற்பத்திரண்டு வருஷங்களாக மறைக்கப்பட்ட உண்மை, நம் தமிழ்நாட்டு மண்ணில் வெளிச்சத்துக்கு வந்தது.

கொடைக்கானலும் பிறகும்

அதன் பிறகு சில ஆண்டுகள் இருவரும் கொடைக்கானலில் வாழ்ந்தார்கள். அங்கே ஒரு சிறு பள்ளி நடத்தினார்கள். பல வயதுப் பிள்ளைகள் ஒன்றாகப் படித்தார்கள். மலையில் உள்ள இலையும் பூவும் பூச்சியும் பாடமாயின. மூத்த பிள்ளைகளுக்கான அவருடைய கல்விமுறை உருவானது அங்கேதான்.

1946-ல் ஐரோப்பாவுக்குத் திரும்பினார். மறு ஆண்டே மீண்டும் இந்தியாவுக்கு வந்தார். அவரிடம் இந்த நாட்டில் பயிற்சி பெற்றவர்கள் ஆயிரம் பேருக்கு மேல். 1952-ம் ஆண்டு மே 6-ந் தேதி, ஹாலந்தில் ஒரு கடற்கரை ஊரில், தம் 81-வது வயதில் மறைந்தார். கடைசி வரை மரியோ கூடவே இருந்தார்.

தொழிலாளர் பேட்டையில் அழுதுகொண்டிருந்த பிள்ளைகளுக்காக அவர் திறந்த ஓர் அறை, இன்று உலகமெங்கும் பரவியிருக்கிறது. ஓசூர் வாசலில் அழும் குழந்தைக்கும் அவர் வழி பொருந்தும். மர உருளையைப் பொருத்தவும், களிமண்ணைப் பிசையவும் தெலுங்கு, கன்னடம், தமிழ் என்ற பேதம் கிடையாது.

பலகையில் பெயர் எழுதியிருந்தால் மட்டும் போதாது. உள்ளே குழந்தையின் கைக்கு வேலை இருக்கிறதா, அதட்டல் இல்லாமல் இருக்கிறதா என்று பெற்றோர் பார்க்க வேண்டும். வீட்டிலும் சிறு சொம்பில் தண்ணீர் ஊற்ற, பயறு பொறுக்க, கோலப் புள்ளி வைக்கப் பிள்ளையை விடலாம். கொஞ்சம் சிந்தத்தான் செய்யும், சிந்தட்டும். பயம் நாள்பட நீடித்தால் டாக்டரிடம் காட்டத் தயங்கக் கூடாது.

ஷிப்டு முடிந்து களைத்து வரும் தாய்க்கு நேரம் குறைவுதான். ஆனால் பிள்ளை தன் கையால் செய்து வைத்திருக்கும் மண் பொம்மையைப் பார்த்து ஒரு நிமிஷம் உட்கார்ந்தால் போதும். பிரிவின் வேதனையைத் தாமே அனுபவித்த மாண்டிசோரி அம்மையாருக்கு, அந்த ஒரு நிமிஷத்தின் அருமை நன்றாகத் தெரியும்.