பிணி தீர்ந்தபின் பெருவாழ்வு: வடகோவைச் சபாபதி நாவலர்

நாவலர் என்றவுடன் நல்லூர் ஆறுமுக நாவலரே நம்மனோர் நினைவில் முன்னிற்பர். அப்பட்டத்தையே பெற்ற பிறிதொரு பெரியாரும் யாழ்ப்பாணத்தில் தோன்றினார். அவரை ஈன்ற ஊர், கோப்பாயின் வடபாலாகிய வடகோவை. அவர்தம் புலமையை அறிஞர் பலர் பாராட்டியுள்ளனர். நாம் ஈண்டு எடுத்துரைக்க விழைவது, நீங்காப் பிணியாற் குலைந்த தம் இளமை வாழ்வை அவர் மீளக் கட்டியெழுப்பிய வரலாற்றையேயாம்.

சபாபதிப்பிள்ளை 1840களில் சுயம்புநாதபிள்ளைக்கும் தெய்வயானை அம்மையாருக்கும் மைந்தராய்ப் பிறந்தார். ஜெகந்நாதையரிடம் தமிழ் பயின்றார். வடமொழியும் ஆங்கிலமும் கற்றார். கல்வி வளர்ந்து வந்த அப்பருவத்திலேதான் குன்மநோய் அவரைப் பற்றிக்கொண்டது.

குன்மம் என்பது வயிற்றைப் பற்றிய கொடும்பிணி. உண்டால் வலி, உண்ணாதிருந்தால் எரிவு; உடல் மெலியும், உறக்கம் கெடும். நம் வைத்திய நூல்கள் குன்மம் என வகுத்தவற்றுள் இக்காலத்தார் குடற்புண் என்று கூறும் நோயும் அடங்கும். குடற்புண்ணிற் பெரும்பாலானவற்றுக்கு ஒருவகை நுண்கிருமி காரணமாதலை ஆஸ்திரேலிய வைத்தியர் இருவர் 1980களிலே கண்டறிந்து, 2005ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றனர். இன்று சில வார மருந்தினால் தீரக்கூடிய நோய், அன்று ஒருவரின் வாழ்நாளையே விழுங்கவல்லதாயிருந்தது.

மருந்துகள் பலவும் பயன்படாதொழியவே, சபாபதிப்பிள்ளை நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை அடைந்தார். கோப்பாயிலிருந்து அது நடந்து செல்லும் தூரமே. ஆயினும், கல்வியையும் வீட்டையும் விட்டு, நோயுடன் கோயிலே கதியெனச் சென்ற இளைஞருக்கு அஃது எத்துணை நெடிய பயணமாயிருந்திருக்கும்! அங்கே விரதம் பூண்டு முருகப் பெருமானை வழிபட்டிருந்த நாள்களில் அவரை வருத்திய நோய் நீங்கிற்று என அவர் வரலாறு கூறும்.

அடியார் சரிதங்கள் பல இவ்விடத்திலே நிறைவெய்திவிடும். சபாபதிப்பிள்ளையின் உழைப்போ இதன் பின்னரே தொடங்குகின்றது. உடல் தேறிய ஒருவருக்குப் பறிபோன காலம் தானே திரும்பி வருவதில்லை. உடன்பயின்றோர் முன்னேறியிருப்பர், இவரால் இனி என்ன இயலும் என ஊரார் ஐயுறுவர். அந்நிலையில் வேண்டப்படுவது, நம்பி ஒரு பணியை ஒப்படைக்கும் நெஞ்சம். ஆறுமுக நாவலர் அந்நெஞ்சமுடையராயிருந்தார். சிதம்பரத்தில் 1864ஆம் ஆண்டில் தாம் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலையிலே சபாபதிப்பிள்ளையைத் தலைமையாசிரியராக அமர்த்தினார்.

பணி கிடைத்தபின்னும் அவர் கற்றலை விட்டாரல்லர். திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகரை அடுத்துச் சாத்திரங்களை ஆழ்ந்து கற்றார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையையும் உ. வே. சாமிநாதையரையும் ஆதரித்த அத்தேசிகரே இவருக்கு நாவலர் என்னும் பட்டம் வழங்கினார். அப்பைய தீட்சிதரின் சிவகர்ணாமிர்தம் முதலிய வடநூல்களை இவர் தமிழிலே தந்தார். சிதம்பர சபாநாத புராணம் பாடினார். ஞானாமிர்தம் என்னும் பத்திரிகையை நடத்தினார், அச்சுயந்திரசாலையும் நிறுவினார்.

1899ஆம் ஆண்டில் வெளிவந்த திராவிடப் பிரகாசிகையே அவர் நூல்களுள் தலைசிறந்தது. தமிழின் தொன்மை, இலக்கணம், இலக்கியம், சாத்திரம் ஆகியவற்றின் வரலாற்றை ஒருங்கே உரைநடையிற் கூற முயன்ற முன்னோடி நூல்களுள் அஃது ஒன்று. அவர்தம் முடிபுகள் பலவற்றை இன்றைய ஆராய்ச்சியாளர் ஏற்பதில்லை. கண்டனத்தில் அவர் கடுமை மிக்கவர். அயலூராகிய சிறுப்பிட்டிச் சி. வை. தாமோதரம்பிள்ளை இலக்கண விளக்கத்துக்கு எழுதிய பதிப்புரையையும் மறுத்து எழுதினார். எனினும், பரந்து கிடந்த தமிழ் நூற்பரப்பை ஒரு நூலுள் ஒழுங்குபடுத்திக் காட்டிய உழைப்பை எவரும் மறுத்தற்கியலாது. ஒருகாலத்தில் நோயால் நலிந்த இளைஞரின் கை, முதுமையை அணுகும் பருவத்திற் செய்து முடித்த பணி அது.

1903ஆம் ஆண்டில் நாவலர் இறைவனடி சேர்ந்தார்.

இவர் வாழ்விலிருந்து நாம் கொள்ளத்தக்கது யாது? வழிபாடு அவருக்கு உறுதி தந்தது. மருந்தை வெறுக்க அது நமக்குக் கற்பிப்பதன்று. நோயினால் ஓராண்டு பின்தங்கி வகுப்புக்குத் திரும்பும் மாணவர் நம் கல்லூரியிலும் உளர். அவர்களை இரங்கி நோக்கி ஒதுக்கிவைத்தல் எளிது. ஆறுமுக நாவலரைப் போல அவர்களை நம்பிப் பொறுப்பொன்றை அளித்தலே ஆசிரியராகிய நம் கடன். மாணவச் செல்வங்களே, இழந்த ஆண்டை எண்ணி ஏங்காதீர். சபாபதி நாவலரின் புகழெல்லாம் நோயிலிருந்து எழுந்தபின் அவர் ஈட்டியதே என்பதை நினைவிற் கொள்வீராக.