எலி கொடுத்த ராஜ்யம்

(மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல்)

நண்பர்களே, போன வருஷம் பிளாக் தண்டருக்கு டூர் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? பஸ் அவிநாசி தாண்டுவதற்குள் பின்சீட்டில் பட்டிமன்றம் ஆரம்பித்துவிட்டது. எந்தப் பார்க் பெரிசு, எந்தப் பார்க்கில் ராட்டினம் வெளிநாட்டுச் சரக்கு, எங்கே செகண்ட் ஹேண்டில் வாங்கிப் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார்கள் என்று ஆளுக்கொரு ரகசியம். சென்னை வி.ஜி.பி.யில் அசையாமல் நிற்கிற சிலை மனிதரைச் சிரிக்க வைத்தால் பரிசு உண்டு என்று ஒருத்தன் சத்தியமே செய்தான். நான் என் பங்குக்கு, தாம்பரம் பக்கம் 1995-ல் கிஷ்கிந்தாவை ஆரம்பித்தவர் ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ படம் எடுத்த நவோதயா அப்பச்சன் என்று சொன்னேன். ஒருத்தரும் நம்பவில்லை. சினிமாக்காரர் எதுக்குடா ராட்டினம் சுத்தப் போறாரு என்று சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புக்குப் பதில்தான் இந்தக் கட்டுரை. சினிமாவில் சம்பாதித்ததையும் கடன் வாங்கியதையும் ராட்டினத்தில் கொட்டி, அந்த வழியை உலகத்துக்கே காட்டியவர் ஒருவர் இருந்தார். அவர்தான் வால்ட் டிஸ்னி.

எனக்கு டிஸ்னி அறிமுகமானது ஸ்கிரீனில்தான். சினிமா ஸ்கிரீன் இல்லை, பிரிண்டிங் ஸ்கிரீன்! பத்தாவது லீவில் ஒரு டேபிள் பிரிண்டிங் பட்டறைக்கு வேலைக்குப் போனேன். சின்னக் குழந்தைகள் பனியனில் மிக்கி மவுஸ். சிவப்பு, மஞ்சள், தோல் கலர், கடைசியாகக் கருப்பு. கருப்பு ஏறும்வரை அது எலி என்றே தெரியாது. ஒரு நாள் மத்தியானம் யாரோ போன் செய்தார்கள். அடித்த பீஸ் எல்லாவற்றையும் அவசரமாகச் சாக்கில் கட்டிப் பரணில் போட்டார்கள். லைசென்ஸ் இல்லாமல் அந்த எலியை அடிக்கக் கூடாதாம். ஒரு எலிக்கு இவ்வளவு பயமா என்று அன்றைக்குத்தான் இந்த மனிதரைப் பற்றித் தேட ஆரம்பித்தேன்.

வால்ட் பிறந்தது 1901 டிசம்பர் 5, சிகாகோவில். அப்பா எலியாஸ் கை வைத்த தொழில் எதுவும் நிலைக்கவில்லை. மிசௌரி மாநிலத்தில் மார்சலின் என்ற சின்ன ஊரில் கொஞ்ச காலம் விவசாயம் பார்த்தார். அதுவும் போய் 1911-ல் கான்சாஸ் சிட்டியில் பேப்பர் ஏஜென்சி எடுத்தார். விடியுமுன் எழுந்து, பனி கொட்டினாலும் வீடு வீடாகப் பேப்பர் போட வேண்டியவன் ஒன்பது வயது வால்ட். அப்பாவின் ஏஜென்சி என்பதால் சம்பளம் கிடையாது. ஆறு வருஷம் போட்டார். ஏதோ ஒரு வீட்டுக்குப் பேப்பர் போட மறந்துவிட்ட மாதிரி கனவு வயசான பிறகும் அவருக்கு வந்துகொண்டிருந்ததாம். லீவில் சித்தப்பா கம்பெனியிலோ மாமா கம்பெனியிலோ பிசிறு வெட்டிவிட்டுக் கூலி கேட்க முடியாமல் நின்றவர்கள் நம் வகுப்பில் நிறையப் பேர். அவர்களுக்கு இந்தக் கனவு புரியும்.

பள்ளிப்படிப்பை முடிக்கவில்லை. பதினாறு வயதில் பிறந்த வருஷத்தை மாற்றி எழுதிச் செஞ்சிலுவைச் சங்கத்தில் சேர்ந்து, பிரான்சுக்குப் போய் ஆம்புலன்ஸ் ஓட்டினார். திரும்பி வந்து ஆரம்பித்த கார்ட்டூன் கம்பெனி 1923-ல் திவால். கையில் 40 டாலரோடு ரயில் ஏறி லாஸ் ஏஞ்சலிஸ் வந்து, அண்ணன் ராயோடு சேர்ந்து மறுபடி தொடங்கினார். 1927-ல் ஓஸ்வால்ட் என்ற முயல் கார்ட்டூன் நன்றாக ஓடியது.

இங்கேதான் கதை திரும்புகிறது. 1928 பிப்ரவரியில் கூலி உயர்த்திக் கேட்க நியூயார்க் போனார் வால்ட். படங்களை வாங்கி விற்ற சார்லஸ் மின்ட்ஸ் உயர்த்துவதற்குப் பதில் குறைத்தார். அது மட்டுமில்லை, வால்ட்டிடம் வேலை பார்த்த ஓவியர்களில் பெரும்பாலோரை முதலிலேயே பேசி எழுதி வாங்கிவிட்டிருந்தார். முயலின் உரிமையும் வால்ட்டிடம் இல்லை, யுனிவர்சல் கம்பெனியிடம். ஒரே நாளில் முயலும் போச்சு, ஆட்களும் போயாச்சு. ஜாப் ஒர்க் எடுத்துத் தைத்துக் கொடுக்கிறவன் நிலைமை அமெரிக்காவிலும் அதுதான்.

கூட நின்ற ஒரு பெரிய கை அப் ஐவர்க்ஸ். அவர் வரைந்ததுதான் மிக்கி. மார்ட்டிமர் என்று வைக்க இருந்த பேரை ஊர் திரும்பும் ரயிலில் வால்ட்டின் மனைவி லில்லியன் மாற்றினார் என்பது பிரபலமான கதை. ஒலியோடு சேர்ந்த ‘ஸ்டீம்போட் வில்லி’ 1928 நவம்பர் 18-ல் வெளியாகி எலி உலகம் சுற்றிவிட்டது. வரைந்த ஐவர்க்ஸ் பேரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? டிசைன் போட்டவன் பேர் பனியன் லேபிளில் வராது. இனிமேல் எதையும் இன்னொருத்தன் பேரில் எழுதித் தருவதில்லை என்று வால்ட் பிடித்த பிடியைக் கடைசிவரை விடவே இல்லை. பரணில் சாக்குப் போட வைத்ததும் அந்தப் பிடிதான்.

1937-ல் வந்த ‘ஸ்னோ ஒயிட்’ வெற்றியை எல்லோரும் எழுதுகிறார்கள். நம்முடையது மாணவர் பேரவை மலர் என்பதால் எழுதாத ஒன்றையும் சொல்கிறேன். 1941 மே மாதம் அவருடைய ஓவியர்கள் சங்கம் கேட்டு ஸ்டிரைக் செய்தார்கள். வாரக் கணக்கில் நடந்தது. கூலி குறைத்தார்கள் என்று ஒரு காலத்தில் அழுத மனிதர், தன்னிடம் கூலி கேட்டவர்களைத் துரோகிகளாகவே பார்த்தார். 1947-ல் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைக் குழு முன்னால் போய், சங்கத் தலைவரைக் கம்யூனிஸ்ட் என்று சாட்சி சொன்னார். எனக்கு அவரைப் பிடிக்கும், ஆனால் இந்த இடத்தில் பிடிக்காது.

ஸ்டிரைக்குக்குப் பிறகு ஸ்டுடியோவில் அவருக்கு மனசு ஒட்டவில்லை என்கிறார்கள். ஸ்டுடியோ ஒர்க்‌ஷாப்பில் ரோஜர் பிராகி என்ற மெக்கானிக்கிடம் லேத் வேலை, தகடு வேலை கற்றுக்கொண்டார். ஃபைலிங் பிராக்டிகலில் கை கொப்பளித்தவர்கள் கவனிக்கவும். உலகப் புகழ் பெற்ற முதலாளி, நாற்பது வயதுக்கு மேல், நம்மைப் போல ஒர்க்‌ஷாப்பில் நின்றிருக்கிறார்! எட்டில் ஒரு பங்கு அளவில் நிஜமான நீராவி எஞ்சின் செய்து, 1950-ல் வீட்டைச் சுற்றி 2,615 அடி தண்டவாளம் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து ஓட்டினார். மனைவியின் பூந்தோட்டம் கெடக் கூடாதென்று அதன் அடியில் சுரங்கம் வெட்டினார்.

பார்க் யோசனை ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தது. மகள்கள் இருவரையும் கிரிஃபித் பார்க்கில் குடை ராட்டினத்தில் ஏற்றிவிட்டு இவர் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருப்பார். பெரியவங்களுக்கும் குழந்தைகளுக்கும் சேர்த்து ஏன் ஒரு இடம் இல்லை என்று அங்கேதான் தோன்றியதாம். 1951-ல் டென்மார்க்கின் டிவோலி பூங்காவின் சுத்தத்தைப் பார்த்து அசந்து போனார்.

1953 நவம்பரில் சிகாகோவில் பார்க் முதலாளிகள் மாநாடு நடந்தது. டிஸ்னியின் ஆட்கள் நான்கு பெரிய முதலாளிகளிடம் வரைபடத்தைக் காட்டினார்கள். நால்வரும் இது தேறாது என்றார்கள். ஒரே வாசல் வைத்தால் கூட்டம் திணறும், கூவிக் கூப்பிட ஆள் இல்லை, கோட்டை கட்டினால் டிக்கெட் வருமா, இவ்வளவு சுத்தம் பார்த்தால் கட்டுப்படியாகாது என்று வரிசையாகக் குறை. இதில் வேடிக்கை, அந்த நால்வரில் ஒருவரான சான்பிரான்சிஸ்கோ பிளேலேண்ட் முதலாளி ஜார்ஜ் விட்னியின் மகனே பிறகு டிஸ்னியிடம் வேலைக்குச் சேர்ந்தார்.

பணத்துக்கு இன்சூரன்ஸ் பாலிசியை வைத்துக் கடன் வாங்கினார். ஏ.பி.சி. டெலிவிஷன் கம்பெனி, வாராவாரம் நிகழ்ச்சி செய்து தந்தால் பார்க்கில் பணம் போடுகிறோம் என்றது. அனகைம் ஊரில் 160 ஏக்கர் ஆரஞ்சுத் தோப்பு, ஒரே வருஷம், 1 கோடியே 70 லட்சம் டாலர். 1955 ஜூலை 17-ல் டிஸ்னிலேண்ட் திறந்தார்கள்.

திறப்பு நாள் படு சொதப்பல். கள்ள டிக்கெட் அடித்துவிட்டார்கள், உள்ளே நுழைந்த கூட்டம் 28,000. வெயில் 38 டிகிரி. புதுசாகப் போட்ட தார் உருகிப் பெண்களின் செருப்புக் குதிகால் புதைந்தது. பிளம்பர் ஸ்டிரைக்கால் குடிநீர்க் குழாயா, கழிப்பறையா என்ற நிலைமை வர, வால்ட் கழிப்பறையைத் தேர்ந்தெடுத்தார். கூல்டிரிங்க்ஸ் விற்கத்தான் தண்ணியை நிறுத்தினார் என்று வதந்தி கிளம்பியது. அப்படியும் ஏழு வாரத்தில் பத்து லட்சம் பேர் வந்தார்கள்.

இனி போட்டியாளர்கள் கதை. எனக்கு மிகப் பிடித்த பகுதி.

பத்து கிலோமீட்டர் பக்கத்தில் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம். வால்ட்டர் நாட் என்ற விவசாயி ரோட்டோரம் பெர்ரிப் பழம் விற்றார். 1934-ல் அவர் மனைவி கார்டீலியா, கல்யாணச் சீராக வந்த தட்டுகளில் கோழிக்கறிச் சாப்பாடு போட ஆரம்பித்தார். முதல் நாள் எட்டு சாப்பாடு போனது. அப்புறம் வரிசை தாங்கவில்லை. காத்திருக்கிறவர்கள் சலிக்காமல் இருக்க 1940-ல் பழைய காலத்து ஊர் ஒன்றையே கட்டினார் நாட். அவர்களுடைய பார்க் அப்படி வந்ததுதான், சோற்று வரிசையிலிருந்து! டிஸ்னிலேண்ட் திறந்த அன்று நாட் தம்பதிக்கும் அழைப்பு. இனி நம்ம கடையை மூட வேண்டியதுதான் என்ற பயத்தோடு சுற்றிப் பார்த்துவிட்டு வீடு திரும்பினால், அவர்கள் பார்க்கிங்கில் வண்டி விட இடமில்லை. டிஸ்னிக்கு வந்த கூட்டம் இங்கேயும் வந்திருந்தது. 1960-ல் நாட்ஸில் பட் ஹர்ல்பட் என்பவர் சுரங்க ரயில் சவாரி கட்டினார். வால்ட் வந்து பார்த்தபோது வரிசை சின்னதாகத் தெரிந்தது. உள்ளே போனால் மலைக்குள் சுற்றிச் சுற்றி நீளமாக மறைத்து வைத்திருந்தார்கள். வால்ட் அவரைச் செல்லமாகத் திட்டினார் என்று அந்தத் தொழில்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். இப்படி ஒருவர் பார்க்கை ஒருவர் பார்த்துப் படித்தார்கள்.

சி.வி. வுட் கதை வேறு. டெக்சாஸ்காரர், வாய்ச்சவடால் ஆள். டிஸ்னிலேண்டுக்கு இடம் பார்த்த ஆய்வில் இருந்து, முதல் ஜெனரல் மேனேஜராக ஆனவர். 1956 தொடக்கத்திலேயே வெளியேற்றப்பட்டார். ஏன் என்பதில் பல வதந்தி. போனவர் டிஸ்னியின் ஆட்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு, யார் கேட்டாலும் டிஸ்னிலேண்ட் மாதிரியே கட்டித் தருகிறேன் என்று கிளம்பினார். மாசச்சூசெட்ஸில் பிளெஷர் ஐலண்ட் 1959-ல் திறந்து பத்து வருஷத்தில் மூடியது. நியூயார்க்கில் 1960-ல் அமெரிக்க வரைபட வடிவிலேயே ஃப்ரீடம்லேண்ட் என்று பிரமாண்டமாகக் கட்டினார்கள். 1964-லேயே மூடிவிட்டது. இன்று அங்கே அடுக்குமாடி வீடுகள். வுட் பிறகு ஒரு முதலாளியோடு சேர்ந்து, 1968-ல் லண்டன் பாலத்தையே விலைக்கு வாங்கி, கல் கல்லாகப் பிரித்து அரிசோனா பாலைவனத்தில் நிறுத்தினார். நம்ப முடியாவிட்டாலும் இது நடந்தது. டெக்சாஸில் 1961-ல் திறந்த சிக்ஸ் ஃப்ளாக்ஸ் பார்க்கிலும் அவர் கம்பெனிக்குப் பங்கு உண்டு, அது இன்றும் ஓடுகிறது. ஆகவே காப்பி அடித்தவர் எல்லாம் தோற்றார் என்று நான் சொல்ல மாட்டேன்.

மெக்கானிக்கல்காரர்களுக்கு ஒரு விஷயம். டிஸ்னியின் ராட்டினங்கள் பலவற்றைச் செய்தது ஏரோ டெவலப்மென்ட் என்ற சின்ன மெஷின் ஷாப். 1959-ல் அவர்கள் செய்த மேட்டர்ஹார்ன் மலைச் சவாரிதான் இரும்புக் குழாய் தண்டவாளத்தில் ஓடிய முதல் ரோலர் கோஸ்டர். அதே ஏரோ, சிக்ஸ் ஃப்ளாக்ஸுக்கும் நாட்ஸுக்கும் வேலை செய்து கொடுத்தது. எதிரெதிர் கம்பெனித் துணி ஒரே சாயப்பட்டறையில் காய்கிற மாதிரி! அந்த மேட்டர்ஹார்ன் மலைக்குள்ளே வேலையாட்கள் விளையாட ஒரு பாஸ்கெட்பால் வளையம் இருந்தது என்பதும் வதந்தி இல்லை, நிஜம்.

டிஸ்னிலேண்டைச் சுற்றி மற்றவர்கள் லாட்ஜும் கடையும் கட்டிச் சம்பாதித்தது வால்ட்டுக்கு வயிற்றெரிச்சல். அதனால் அடுத்த பார்க்குக்கு ஃப்ளோரிடாவில் 27,000 ஏக்கருக்கு மேல் ரகசியமாக வாங்கினார். பினாமி கம்பெனிப் பேரில்தான். அதில் ஒன்றின் பேர் ஏஃபோர், பக்கத்தில் போகும் ஐ-4 ஹைவேயின் பேரை மாற்றி எழுதியது. விவசாயிகள் ஏக்கர் 200 டாலருக்கும் குறைவாகக் கொடுத்தார்கள். விமானக் கம்பெனியா, அணு ஆராய்ச்சியா என்று ஊரெல்லாம் வதந்தி. 1965 அக்டோபரில் எமிலி பேவர் என்ற பத்திரிகைக்காரர் வால்ட்டிடமே நேராகக் கேட்டு, அவர் தடுமாறியதை வைத்துக் கண்டுபிடித்து எழுதினார். நிலத்தின் விலை எகிறிவிட்டது. முன்னாடியே விற்றவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று எந்தப் புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை.

அந்தப் பார்க்கை வால்ட் பார்க்கவில்லை. 1966 டிசம்பர் 15-ல் நுரையீரல் புற்றுநோயால் ஸ்டுடியோவுக்கு எதிரே உள்ள ஆஸ்பத்திரியில் இறந்தார். வயது 65. விடாமல் சிகரெட் பிடித்தவர். அண்ணன் ராய் ஓய்வைத் தள்ளி வைத்து, தம்பி பேரிலேயே ‘வால்ட் டிஸ்னி வேர்ல்டு’ என்று 1971 அக்டோபர் 1-ல் திறந்துவிட்டு, அதே டிசம்பரில் தானும் போய்ச் சேர்ந்தார்.

வால்ட்டின் உடலை ஐஸில் வைத்திருக்கிறார்கள், மருந்து கண்டுபிடித்ததும் எழுப்புவார்கள் என்ற வதந்தி நம்ம பஸ்ஸிலும் வந்தது. அது பொய். இறந்த இரண்டாம் நாள் எரித்துவிட்டார்கள். 1967 ஜனவரியில் வேறு ஒருவர் உடலை நிஜமாகவே உறைய வைத்தார்கள், இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார்கள்.

கடைசியாக இரண்டு செய்தி. 1928-ல் வந்த அந்தப் பழைய மிக்கி 2024 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் பொதுச் சொத்து. ஆனால் டிரேட்மார்க் இன்னும் கம்பெனியிடம்தான், அதனால் பட்டறைக்காரர்கள் உடனே ஸ்கிரீனை எடுக்க வேண்டாம். இன்னொன்று, பறிபோன முயல் ஓஸ்வால்ட் 2006-ல் வீடு திரும்பியது. ஒரு விளையாட்டு வர்ணனையாளரை யுனிவர்சல் பக்கம் விட்டுக் கொடுத்து, டிஸ்னி கம்பெனி முயலைத் திருப்பி வாங்கியது. 78 வருஷம்! ஓஸ்வால்ட் படம் போட்ட பனியனை நான் காதர்பேட்டையில் இதுவரை பார்த்ததில்லை. யாராவது பார்த்திருந்தால் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு வகுப்பில் வந்து சொல்லுங்கள்.