மன்றோ துரையும் காக்கிச்சட்டை வேலையும்



டிப்ளமோ முடித்ததும் சிப்காட்டில் அப்ரண்டிஸ், அப்புறம் ஏதாவது ஒரு கம்பெனியில் ஷிப்ட். நம்மில் பெரும்பாலோர் போட்டு வைத்திருக்கும் கணக்கு இதுதான். ஆனால் வகுப்புக்கு நாலைந்து பேராவது விடியற்காலையில் எழுந்து கிரவுண்டில் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். கேட்டால் போலீஸ் செலக்‌ஷன் என்கிறார்கள். என்ன படிச்சிருக்கணும், எவ்வளவு உயரம் வேணும், வயசு எத்தனை என்று உடனே மற்றவர்களும் விசாரிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். இதே கேள்வியை இருநூறு வருஷத்துக்கு முன்னால் நம் கிருஷ்ணகிரிச் சீமையில் யாராவது கேட்டிருந்தால் என்ன பதில் கிடைத்திருக்கும்? அதைத் தெரிந்துகொள்ள சர் தாமஸ் மன்றோவின் கதையைவிடப் பொருத்தமானது வேறில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

மன்றோ பிறந்தது 1761-ல், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில். அப்பா புகையிலை வியாபாரி. அமெரிக்க சுதந்திரப் போர் வந்தது, அந்த வியாபாரம் படுத்துவிட்டது. வசதியாக இருந்த குடும்பம் நொடித்துப் போனதும் பிள்ளை வேலை தேடிக் கிளம்பினார். கிழக்கிந்தியக் கம்பெனியில் அன்று நுழைவுத் தேர்வும் கிடையாது, உடல்தகுதிச் சோதனையும் நம்ம ஊர் மாதிரி கிடையாது. கம்பெனியின் டைரக்டர்களில் ஒருவர் பேர் சொல்லிவிட்டால் போதும். தெரிந்தவர்கள் மூலமாக அப்படி ஒரு சிபாரிசு கிடைத்து, 1780 ஜனவரியில் காலாட்படை கேடட்டாகச் சென்னையில் வந்து இறங்கினார். சின்ன வயதில் வந்த தட்டம்மையால் அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். இன்றைய மெடிக்கல் போர்டு என்றால் வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கும்!

வந்த வருஷமே ஹைதர் அலியோடு போர். அடுத்து திப்புவோடு போர். பத்துப் பன்னிரண்டு வருஷம் சாதாரணப் பட்டாள அதிகாரியாகவே காலம் போனது. ஆனால் மனிதர் சும்மா இருக்கவில்லை, மொழிகளைப் படித்தார். டான் குவிக்ஸாட் நாவலை மூலத்திலேயே படிக்க வேண்டும் என்பதற்காக சிறுவயதில் தானாகவே ஸ்பானிஷ் கற்றவர் அவர். இங்கே வந்து பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்றார். அதுதான் அவரை நம் ஊருக்குக் கொண்டுவந்தது.

1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் கம்பெனி கைக்கு வந்தது. இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதிகள் அதில் அடக்கம். ஓசூரும் தேன்கனிக்கோட்டையும் மட்டும் 1799 வரை திப்புவிடமே இருந்தன. அதாவது, நமக்கு ஜூஜூவாடி செக்போஸ்ட் எப்படியோ அப்படி அன்றைய எல்லை ராயக்கோட்டை மலைப்பக்கம். புதிய சீமையை ஆள ஆள் தேடினார் காரன்வாலிஸ். சென்னையிலிருந்த சிவில் அதிகாரிகளில் நாட்டு மொழி தெரிந்தவர்கள் மிகக் குறைவு. அதனால் பட்டாளத்திலிருந்து மொழி தெரிந்த நான்கு பேரைப் பிடித்தார். கேப்டன் ரீட் தலைவர், மன்றோ அவருடைய உதவியாளர்களில் ஒருவர். ஆக, அந்த வேலைக்குக் கேட்கப்பட்ட பெரிய தகுதி மக்கள் பேச்சு புரிய வேண்டும் என்பதே.

தருமபுரியில் வீடு கட்டி, தோட்டம் போட்டு, ஏழு வருஷம் இருந்தார் மன்றோ. பெரும்பாலும் குதிரையில் ஊர் ஊராகச் சுற்றல்தான். நிலத்தை அளந்து, இடைத்தரகர் இல்லாமல் விவசாயியிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை இந்த மண்ணில்தான் வடிவம் பெற்றது. ரீட் தொடங்கினார், மன்றோ அதைத் தன் வாழ்நாள் கொள்கையாக்கிக்கொண்டார். அந்தச் சுற்றலில் அவர் பார்த்த இன்னொன்று ஊர்க் காவல். அன்று போலீஸ் என்று தனியாக ஒன்று இல்லை. ஊருக்குத் தலையாரி, அவருக்கு மேலே மணியக்காரர். காவலுக்கென்று ஊரார் தானியமோ பணமோ கொடுப்பார்கள். களவு போனால் காவல்காரர் கண்டுபிடித்துத் தர வேண்டும், இல்லாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வேலைக்குத் தகுதி பிறப்பு மட்டுமே. அப்பா தலையாரி என்றால் மகனும் தலையாரி.

1800-லிருந்து 1807 வரை பெல்லாரி, கடப்பைச் சீமையில் கலெக்டர். அங்கே எண்பது பாளையக்காரர்களை அடக்கிய கதை தனியாக எழுத வேண்டியது. அந்தப் பக்கம் பிள்ளைகளுக்கு மன்றோலப்பா என்று பேர் வைத்தார்கள் என்று சொல்வார்கள்.

இதற்கிடையே கம்பெனி வங்காளத்து மாதிரியில் தரோகாக்களை 1802-ல் சென்னை மாகாணத்திலும் நியமித்தது. சம்பளம் வாங்கும் வெளியாள், ஜில்லா நீதிபதிக்குக் கீழே வேலை. ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாதவர் கையில் அதிகாரம் போனால் தொல்லைதான் மிஞ்சும் என்பது மன்றோவின் கட்சி. சீமைக்குப் போயிருந்தவர் 1814-ல் ஒரு கமிஷனின் தலைவராகத் திரும்பி வந்து, 1816-ல் சட்டத்தையே மாற்ற வைத்தார். போலீஸ் அதிகாரம் மறுபடி மணியக்காரருக்கும் தலையாரிக்கும் போனது. அவர்களுக்கு மேலே தாசில்தார், எல்லோருக்கும் மேலே கலெக்டர். கலெக்டரே மாஜிஸ்திரேட்.

இங்கேதான் எனக்கு மன்றோவோடு தகராறு. அந்த 1816 சட்டப்படி சில்லறை அடிதடிக்கு மணியக்காரர் ஒருவரை 12 மணி நேரம் வரை சாவடியில் அடைத்து வைக்கலாம். அதே குற்றத்தைத் தாழ்ந்த சாதி என்று சொல்லப்பட்டவர் செய்தால் 6 மணி நேரம் வரை தொழுமரத்தில் காலை மாட்டி உட்கார வைக்கலாம். காவல் காக்கும் வேலையும் பிறப்பால், வாங்கும் தண்டனையும் பிறப்பால்! ஊர் வழக்கத்தை மதிக்கிறேன் என்று கிளம்பிய நல்ல மனிதர், அந்த வழக்கத்தின் கொடுமையையும் சேர்த்துச் சட்டமாக்கிவிட்டார். மொழி தெரிந்துகொண்டு ஊரில் யார் பேச்சைக் கேட்டோம் என்பதும் முக்கியம் இல்லையா? அவர் அதிகம் கேட்டது மணியக்காரர் பேச்சைத்தான் என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. 1820-ல் சென்னை கவர்னரான பிறகு, 1824 கடைசியில் எழுதிய நீண்ட குறிப்பில், இந்தியர்களைச் சின்ன உத்தியோகத்திலேயே வைத்திருந்தால் அவர்கள் எப்படி உயர்வார்கள், பெரிய பதவிகளைத் திறந்துவிட வேண்டும் என்று வாதாடினார். கம்பெனி கவர்னர் வாயிலிருந்து வந்த வார்த்தை என்று பார்த்தால் அது பெரிய விஷயம்தான். 1827-ல் ஊருக்குக் கிளம்பும் முன் பழைய கடப்பைச் சீமையைக் கடைசியாகப் பார்க்கப் போனார். பத்திக்கொண்டாவில் காலரா கண்டு ஜூலை 6-ந்தேதி இறந்தார். சென்னையில் சேணம் இல்லாத குதிரையில் உட்கார்ந்திருக்கும் சிலை அவருடையதுதான்.

அவர் வைத்துவிட்டுப்போன ஏற்பாடு என்ன ஆனது? வரி வாங்குகிறவர் கையிலேயே போலீசும் இருந்ததால், பாக்கி வைத்த குடியானவர் விரலைக் கிட்டியில் வைத்து நெரிப்பது சாதாரணமாகிப் போனது. 1855-ல் சித்திரவதை விசாரணைக் கமிஷன் இதையெல்லாம் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. 1859-ல் சட்டம் போட்டு, ஐ.ஜி. தலைமையில் போலீசைத் தனி இலாகாவாகப் பிரித்தார்கள். மணியக்காரர், கர்ணம் பதவிகள் மட்டும் பரம்பரையாக ஓடிக்கொண்டே இருந்து 1980-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில்தான் ஒழிந்தன. அந்த இடத்துக்கு வந்த கிராம நிர்வாக அலுவலர் வேலைக்கு இன்று நீங்களும் குரூப் 4 எழுதலாம்.

போலீஸ் வேலைக்கு ஆள் எடுப்பது 1991-ல் ஏற்பட்ட சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம். இரண்டாம் நிலைக் காவலருக்குப் பத்தாம் வகுப்பு போதும். 2023 அறிவிப்பில் பொதுப் பிரிவுக்கு வயது 18 முதல் 26. ஆண்களுக்கு உயரம் 170 செ.மீ., ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 167. பெண்களுக்கு 159, 157. ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிஷத்தில் ஓடி முடிக்க வேண்டும். எஸ்.ஐ. ஆக வேண்டுமானால் பட்டம் வேண்டும். நாம் பத்தாவதுக்குப் பிறகு மூன்று வருஷ டிப்ளமோ, அப்புறம் லேட்டரல் என்ட்ரியில் பி.இ. என்று வந்தாலும் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். தொழில்நுட்பப் பிரிவு எஸ்.ஐ.க்கு எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் டிப்ளமோவையே தகுதியாக வைத்து அறிவிப்பு வந்திருக்கிறது. ஈ.சி.இ. நண்பர்கள் குறித்துக்கொள்ளவும்.

எழுத்துத் தேர்வில் தமிழ்த் தகுதித் தாள் உண்டு. அதில் 40 சதவீதம் வாங்காவிட்டால் அடுத்த தாளைத் திருத்தவே மாட்டார்கள். தளி, ஓசூர் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, அந்த மீடியத்திலேயே படித்து வந்த நம்ம பசங்களுக்கு ஓட்டத்தைவிட இதுதான் பயம். ஆனால் ஸ்டேஷனுக்கு வந்து அழும் கிழவி எந்த மொழியில் அழுதாலும் அவர்களுக்குப் புரியும். அந்த மூன்று மொழிக்காரர்கள் தமிழ்த் தாளுக்குத் தினமும் அரைமணி நேரம் ஒதுக்கினால் போதும், நாளைக் காலை கிரவுண்டிலேயே ஆரம்பிக்கலாம்.