பெலிக்ஸ் ஆட்லரும் தொழிலாளர் பள்ளியும்

பள்ளிக்கூடம் கட்டுவது எளிது. யாரை எண்ணிக் கட்டினோமோ அவர்களே அதன் வாயிலுக்குப் புறம்பாகிவிடாமல் காப்பது அரிது. அமெரிக்க அறிஞர் பெலிக்ஸ் ஆட்லரின் சரித்திரம் இவ்வுண்மையை நமக்கு நன்கு விளக்குகின்றது.

ஆட்லர் 1851-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் பிறந்தார். யூத குருவாகிய அவருடைய தந்தைக்கு நியூயார்க்கில் பிரபல ஆலயமொன்றின் குருபீடம் கிடைக்கவே, 1857-ல் குடும்பம் அங்கே குடியேறிற்று. கொலம்பியாவிலும், பின்னர் ஜெர்மானிய சர்வகலாசாலைகளிலும் கற்றுத் தேர்ந்து திரும்பிய வாலிபர், தந்தையின் பீடத்துக்கு வருவாரென்று யாவரும் எதிர்பார்த்தனர். அவரோ 1873-ல் அவ்வாலயத்தில் செய்த பிரசங்கத்தில் கடவுளின் பெயரையே எடாமல், நல்லொழுக்கமே சமயத்தின் சாரமென்று வற்புறுத்தினார். பீடம் கைநழுவிற்று, கொள்கை நிலைத்தது. 1876-ல் நன்னெறிச் சங்கத்தை ஸ்தாபித்தார்.

சொல்லைக் காட்டிலும் செயலே பெரிதென்பது அவருடைய சித்தாந்தம். ஆகவே 1878-ல் ஏழைத் தொழிலாளரின் குழந்தைகளுக்கென்று இலவசக் கிண்டர்கார்ட்டன் ஒன்றைத் திறந்தார். 1880-ல் அது தொழிலாளர் பள்ளியாக வளர்ந்தது. பகலில் கற்று மாலையில் வீடு திரும்பும் அப்பள்ளியில் சிறுவரும் சிறுமியரும் சேர்ந்தே பயின்றனர். புத்தகப் படிப்போடு கைவேலையும், சித்திரமும், நேரில் கண்டறியும் விஞ்ஞானமும் பாடங்களாயின. கூலிக்கு ஆள் தயாரிப்பது அவர் நோக்கமன்று. கையும் அறிவும் சேர்ந்து வளர்ந்தாலன்றி மனிதன் முழுமையடையான் என்பதே அவர் துணிபு.

பள்ளியின் கீர்த்தி பரவிற்று; செலவும் பெருகிற்று. 1890-ஐ ஒட்டிக் கட்டணம் செலுத்தும் குடும்பங்களின் குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். செல்வர் மக்களும் எளியோர் மக்களும் ஒரே பெஞ்சில் அமர்ந்து கற்பது நலமென்று ஆட்லர் கருதினார். 1895-ல் பெயரும் நன்னெறிப் பள்ளியென மாறிற்று. உபகாரச் சம்பளங்கள் நீடித்தன. ஆயினும் தொழிலாளரின் பெயர் பலகையிலிருந்து மறைந்ததை நாம் அற்பமாகக் கருதுவதற்கில்லை. இலவசமாகத் தொடங்கிய அப்பள்ளி, இன்று அந்நகரில் மிகுந்த கட்டணம் வாங்கும் பள்ளிகளுள் ஒன்றாக விளங்குகின்றது.

எனினும் ஆட்லர் தொழிலாளரை மறந்தாரல்லர். 1904-ல் ஏற்பட்ட தேசியக் குழந்தைத் தொழில் கமிட்டிக்கு அவரே தலைவரானார். அவருடைய பள்ளியில் உபாத்தியாயராயிருந்த லூயிஸ் ஹைன் 1908-ல் வேலையை விட்டு, புகைப்படக் கருவியுடன் அக்கமிட்டியின் பணியில் இறங்கினார். நூலாலைகளிலும் சுரங்கங்களிலும் வாடிய பாலகரின் படங்கள் ஜனங்களின் மனச்சாட்சியை உலுக்கின. 1916-ல் காங்கிரஸ் சட்டம் இயற்றியது; 1918-ல் சுப்ரீம் கோர்ட்டு அதைச் செல்லாதென்று தள்ளியது. நிலைத்த சட்டம் 1938-ல்தான் வந்தது. ஆட்லரோ 1933-லேயே காலஞ்சென்றார்.

பள்ளி கைமாறக் கூடும். கட்டடம் பெருகக் கூடும். ஏழைக் குழந்தைக்குத் திறந்த கதவு எப்போது சாத்தத் தொடங்குகிறதென்று கண் விழித்துக் காத்திருப்பதே, பள்ளி நிறுவும் தேசபக்தர் ஒவ்வொருவரின் கடமையாகும்.